அட்வான்ஸுக்கு முன்னால்: கார் கேள்வி-பதில்

தக்கலை வாசகர்: மாதம் 500 கி.மீ. ஓடினால் அதிகம். டீசல் எடுக்கலாமா?

வேண்டாம், பெட்ரோல் போதும். பி.எஸ்.6 புகை விதிப்படி வரும் டீசல் காரில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி இருக்கிறது, நீளமாக ஓடினால்தான் அதில் சேரும் கரி எரியும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போனால் அடைத்துக்கொள்ளும்.

நாகர்கோவில் வாசகர்: 10 லட்சத்துக்குள் நல்ல கார் எது?

எத்தனை பேர் ஏறுவீர்கள், மாதம் எவ்வளவு ஓடும், வீட்டில் நிறுத்த இடம் எவ்வளவு, ஒன்றும் எழுதாமல் கேட்டால் எதைச் சொல்வது? அப்புறம், 10 லட்சம் என்பது ஷோரூம் விலையா, ஆன்ரோடா? 9 லட்ச ரூபாய் காருக்கு ஆயுள் வரியே 13 சதவீதம், இன்சூரன்ஸும் சேர்ந்தால் பத்தரை வாக்கில் வந்து நிற்கும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அருமனை வாசகர்: பாறசாலையில் ஒரு கே.எல். (கேரள நம்பர்) கார் பார்த்தேன், நம்ம ஊரை விட 40 ஆயிரம் குறைவு. 25 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பேப்பர் பிறகு தருவார்களாம். நம்பலாமா?

கொடுத்த பிறகு கேட்கிறீர்களே! அட்வான்ஸுக்கு முன்னால் காகிதம் என்று எத்தனை தடவை எழுதியாயிற்று. எல்லையில் களியக்காவிளை தாண்டினால் விலை குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும், அந்த 40 ஆயிரம் உங்கள் கையில் நிற்குமா என்று பாருங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 போட்டு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே மார்த்தாண்டத்தில் டி.என்.75 நம்பருக்கு மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரியும் புதிதாகக் கட்ட வேண்டும். கேரளாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு, ஆனால் அலைச்சல். வந்தால் அந்தப் பணம் யாருக்கு என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏதாவது பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்று காட்டும் படிவம் 35-ம் பேங்க் கடிதமும் இல்லாமல் ஒரு அடி நகராது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். 12 மாதம் என்பது வேறு மாநில நம்பரோடு இங்கே ஓட்டுவதற்கான கெடு, அது பெயர் மாற்றாமல் இருப்பதற்கான அனுமதி அல்ல. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பாவம், வண்டியை விற்ற மனிதர் கோர்ட்டுக்கு அலைவார். பழைய பெயரில் கிடக்கிற பாலிசியில் உங்கள் வண்டிச் சேதத்துக்கும் காசு வராது. மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எத்தனாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா, சலான் பாக்கி எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்கள். என்.ஓ.சி. வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

ஆரல்வாய்மொழி வாசகர்: தூத்துக்குடியிலிருந்து 2022 மாடல், ரொம்ப மலிவு...

அங்கே வந்த 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? அதில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், உள்ளே சுற்றிய பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள், சீட்டுக்குக் கீழே உள்ள ரெயிலில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இதெல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால்.

குளச்சல் வாசகர்: கடலுக்குப் பக்கத்தில் வீடு. எந்த கம்பெனி வண்டி துருப்பிடிக்காது?

எல்லாமே பிடிக்கும். வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வாங்கும்போதே ஆன்டி-ரஸ்ட் அடித்துவிடுங்கள்.

வடசேரி வாசகர்: இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டுமா?

வேண்டாம், வெளியே எடுக்கலாம். பழைய காரில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 50 சதவீதம் வரை புது வண்டிக்கு வரும், அது உங்கள் சொத்து, விட்டுவிடாதீர்கள்.

திருவட்டாறு வாசகர்: டிசம்பர் தள்ளுபடியில் எடுக்கலாமா, ஜனவரியா?

ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், விற்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். டிசம்பரில் எடுத்த வண்டி அடுத்த மாதமே போன வருஷத்து மாடல் ஆகிவிடும். ஏழெட்டு வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் டிசம்பர். மூன்று வருஷத்தில் மாற்றுகிற ஆள் என்றால் ஜனவரி.

கருங்கல் வாசகர்: அம்மாவுக்கு முழங்கால் வலி, மகனுக்கு எஸ்.யூ.வி. ஆசை. என்ன செய்ய?

அம்மாவை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போங்கள். பின் சீட்டில் ஏற விடுங்கள், இறங்க விடுங்கள், இரண்டு தடவை. ரொம்ப உயரமும் கஷ்டம், ரொம்பத் தாழ்வும் கஷ்டம். இடுப்பு உயரத்தில் சீட் இருந்தால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவிடலாம். அந்த வண்டியையே உங்கள் வீட்டு வழி வரை ஓட்டி, கேட்டுக்குள் திருப்பியும் பாருங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.