மணிகள் என்று எழுதி வரும் விதைகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செடியைப் பற்றியே இல்லை. எல்லாம் வெளிநாட்டு விதைக்கடைக்குப் பணம் கட்டுவதைப் பற்றி. மாடித்தோட்டத்துக்கு வருமுன் நான் வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது போலிருக்கிறது. சரி, வந்த வரிசையிலேயே பார்ப்போம்.

கே: அமெரிக்க விதைக்கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். ஓடிபி கேட்காமலே பணம் போய்விட்டது. இது மோசடியா? (ஈரோடு)

மோசடி இல்லை. ஓடிபி என்பது உள்நாட்டுக் கடைகளுக்கு நம் ரிசர்வ் வங்கி போட்ட கட்டாயம். வெளிநாட்டுக் கடைக்காரர் பலருக்கு கார்டு எண், முடியும் மாதம், பின்பக்கத்து மூன்று எண் இருந்தாலே போதும். அந்த மூன்றும் வேறொருவர் கையில் கிடைத்தால் அவருக்கும் அதுவே போதும் என்பதுதான் சங்கடம். அதனால் வங்கி ஆப்பில் ‘சர்வதேச ஆன்லைன்’ சுவிட்சைப் போடுங்கள், வரம்பை விதை விலைக்குச் சற்று மேலே வையுங்கள், பணம் கட்டுங்கள், உடனே சுவிட்சை அணையுங்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவதற்கு யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே.

நீங்கள் செய்யாத செலவு ஏதாவது கார்டில் தெரிந்தால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். தவறு உங்களுடையதாக இல்லாதபோது அந்தக் கெடுவுக்குள் சொன்னால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. இது 2017-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. நான்காம் நாளிலிருந்து உங்கள் பங்கும் ஏற ஆரம்பிக்கும்.

கே: நான்கு முறை முயன்றும் கார்டு மறுக்கப்படுகிறது. கடை போலியா? (திருநெல்வேலி)

கடை போலியா என்று தெரியாது. உங்கள் சுவிட்ச் அணைந்திருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டுத்தான் வருகின்றன, நீங்கள்தான் திறக்க வேண்டும். உள்நாட்டு ரூபே கார்டு என்றால் திறக்கவும் ஒன்றுமில்லை, வேறு கார்டு எடுங்கள். நான்கு முறை தட்டுவதற்கு முன் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை ஒரு முறை படித்திருக்கலாம்.

கே: விலையை ரூபாயிலேயே காட்டுகிறார்கள். ரூபாயில் கட்டுவதா, டாலரில் கட்டுவதா? (கோவை)

டாலரில். எப்போதும் கடைக்காரரின் நாணயத்தில். விதை 12 டாலர், தபால் 9 டாலர், மொத்தம் 21 என்று வையுங்கள். டாலர் 90 ரூபாய் என்றால் 1,890. உங்கள் வங்கி மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 80 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரூபாயில் காட்டும் இடத்தில் மாற்று விகிதத்தை முடிவு செய்வது அவர்கள். 5, 6 சதவீதம் தாராளமாக ஏற்றி வைப்பார்கள். அதற்கு மேல், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டியதற்கே 1 சதவீதம் தனியாகப் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. இணையவழிப் பணம் கட்டும் சேவையான பேபாலிலும் இதே கதைதான். கடைசிப் பக்கத்தில் மாற்று விகிதத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு தேர்வு இருக்கும், அதில் ‘கார்டு நிறுவனமே மாற்றட்டும்’ என்பதைத் தொடுங்கள்.

கே: இதற்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி 20 சதவீதம் பிடிப்பார்களாமே? (சென்னை)

அது வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கவலை. கிரெடிட் கார்டு செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பதையும் 2023-லேயே தள்ளிவைத்துவிட்டார்கள். நீங்கள் வாங்குவது 1,800 ரூபாய்க்குப் பூசணி விதை.

கே: பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ வழியாக அனுப்பினால் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார் தனி விற்பனையாளர் ஒருவர். அனுப்பலாமா? (மதுரை)

இந்தியக் கணக்கிலிருந்து அந்த வழி கிடையாது. 2010-லேயே நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒரு வழி இருந்திருந்தாலும் அதில் போகக்கூடாது. அந்த வழியில் போகும் பணம் மாமனுக்குக் கொடுத்த மொய் மாதிரி, சாமான் வரவில்லை என்று கேட்க உரிமை இல்லை. பத்து சதவீதம் எதற்காகத் தள்ளுகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கே: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்ற முறையையும் சேர்க்கும் இணைப்பில் அங்குள்ள ஆர்க்கிட் விற்பனையாளருக்கு நேரடியாக அனுப்பினால் என்ன? (காரைக்குடி)

2023 பிப்ரவரியில் வந்த அந்த இணைப்பு உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்கும்தான் அனுமதிக்கப்பட்டது. சரக்கு வாங்க இல்லை. மகனையே கட்டச் சொல்லலாம். ஆனால் அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் செடியைச் சுருட்டி வைத்துக் கொண்டுவருவதாக இருந்தால், அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: எங்கள் வாட்ஸாப் குழுவில் 14 பேர் சேர்ந்து தக்காளி, மிளகாய் விதைகளை ஒரே ஆர்டராக வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். எல்லோரும் எனக்கு ஜிபே செய்துவிடுவார்கள். கவரில் ‘பிளாஸ்டிக் மணிகள், அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்புவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எந்தக் கார்டில் கட்டினால் செலவு குறையும்? (திருச்சி)

கார்டு இருக்கட்டும். அந்த ‘மணிகள்’ பற்றி முதலில் பேசுவோம். இந்தப் பகுதியில் இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

விதைப்பதற்கான விதை இந்தியாவுக்குள் வர இரண்டு காகிதம் வேண்டும். நோயும் பூச்சியும் இல்லை என்று அனுப்பும் நாடு தரும் பைட்டோ சான்றிதழ் ஒன்று, நம் அரசு தரும் இறக்குமதி அனுமதி இன்னொன்று. 2003-ஆம் வருடத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை சொல்வது இது. பத்து விதையானாலும் பத்து மூட்டையானாலும் ஒன்றுதான். ‘சின்ன கவர்தானே சார்’ என்று எழுதுகிறவர்களிடம் பார்த்தீனியத்தைக் காட்டுகிறேன். 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்ட செடி, கோதுமையோடு கப்பலேறி வந்தது என்பார்கள். இன்று உங்கள் தெருமுனையில் நிற்கிறது. நீங்கள் வாங்கப்போவது தக்காளியும் மிளகாயும் வேறு. இஸ்ரேலில் 2014-ல் முதலில் தலைகாட்டிய தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸ் இந்த இரண்டையும்தான் பிடிக்கும். விதை வழியாகவும் பரவும். விதைமேல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஊர் நன்மை வேண்டாம், உங்கள் பணத்தை மட்டும் பார்ப்போம் என்றால் அதையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு நண்பர் இப்படி வந்த கவரோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை அகல மஞ்சள் கவர். மேலே ‘மணிகள், 20 கிராம், 2 டாலர்’ என்று அச்சிட்ட சீட்டு. உள்ளே ஏழு ஜிப் உறை, ஒவ்வொன்றிலும் பால்பாயின்ட் பேனாவால் ஓர் எண், எந்த எண் எந்த ரகம் என்று எங்குமே இல்லை. அவர் ஆர்டர் போட்டது பதினெட்டு ரகம், கட்டியது சுமார் 50 டாலர். வங்கியில் தாவா போட்டோம். கடைக்காரர் அனுப்பிய பதில் ஒரே பக்கம்: இதோ டிராக்கிங், பார்சல் சேர்ந்துவிட்டது, எடை 20 கிராம், பொருள் மணிகள். நண்பர் என்ன சொல்வார்? ‘அது பொய்ச் சீட்டு, நான்தான் எழுதச் சொன்னேன்’ என்றா? தாவா தள்ளுபடி. குழுவில் பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் கைக்காசு போட்டுத் திருப்பினார். முளைத்த இரண்டு உறையிலும் வந்தது ஏதோ புல்.

சுங்கத்தில் பிடிபட்டாலும் இதே நிலைதான். கடைக்காரர் அனுப்பியதற்குச் சான்று வைத்திருப்பார், கார்டு நிறுவனம் அவர் பக்கம் நிற்கும். பார்சல்மேல் உள்ள பெயரும் செல்போன் எண்ணும் உங்களுடையவை. அந்த 13 பேரும் அன்றைக்குக் குழுவை விட்டு வெளியேறிவிடுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். 14 பேர் சேர்ந்தது உண்மையில் நல்ல விஷயம். பைட்டோ கட்டணம் பெரும்பாலும் விதை விலையைவிடப் பல மடங்கு, தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அதைப் பதினான்காக வகுத்துப் பாருங்கள். ஒருவர் பெயரில் அனுமதி எடுங்கள், அது ஆறு மாதம் செல்லும், அடுத்தவருக்கு மாற்ற முடியாது. கடைக்காரரிடம் ‘பைட்டோ தருவீர்களா, எவ்வளவு’ என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். பார்சல் சென்னை வழியாக வந்தால் மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதித்துப் பார்த்து அனுப்புவார்கள்.

கேட்டதற்கும் பதில்: மாற்றுக் கட்டணம் 2 சதவீதமோ அதற்கும் கீழோ உள்ள கிரெடிட் கார்டு. டெபிட் கார்டு வேண்டாம். தகராறு வந்தால் டெபிட்டில் போவது உங்கள் சேமிப்புப் பணம், கிரெடிட்டில் போவது வங்கியின் பணம். கட்டியதும் சுவிட்சை அணையுங்கள்.

கே: நீலத் தக்காளி, வானவில் ரோஜா, கறுப்பு ஸ்ட்ராபெர்ரி விதைகள் 100 எண்ணம் 99 சென்ட். வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். நீலத் தக்காளி என்று படத்தில் காட்டுகிற அந்த நீலம் உலகில் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012-ல் விட்ட ‘இண்டிகோ ரோஸ்’ கத்தரிக்காய் நிறத் தோலோடு இருக்கும், அவ்வளவுதான். பெயருள்ள ரோஜா ரகம் ஒட்டுக்கட்டியும் பதியம் போட்டும்தான் வரும், ஸ்ட்ராபெர்ரி ஓடுகொடியில். நல்ல தக்காளிதான் வேண்டுமென்றால் பெங்களூரு ஐஐஎச்ஆர் (இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) விதைத் தளத்தில் ‘அர்கா ரக்ஷக்’ பாருங்கள். ரூபாயில் கட்டலாம், ஓடிபியும் வரும்.

கே: விதை வந்து சேரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். என்ன செய்ய? (பெயர், ஊர் இல்லை)

எந்தத் தேதியில் கட்டினீர்கள், பேபாலா கார்டா, எந்த நாடு, ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருவீர்களா?

பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு பதிய வேண்டும். கார்டில் பொதுவாக 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுங்கள், பொறுங்கள் என்று அவர் இழுப்பது அந்தக் கெடு தாண்டத்தான். 45 நாள் ஆகிவிட்டால் நான் பொறுக்கமாட்டேன். பதிந்த தகராறை ‘முடித்துவிடுங்கள், நாளைக்கே அனுப்புகிறேன்’ என்பார். முடித்துவிட்டால் பேபாலில் திரும்பத் திறக்க முடியாது. விதை கைக்கு வந்தபிறகு முடியுங்கள்.

கே: வெஸ்டர்ன் யூனியன் அல்லது கிரிப்டோ மட்டுமே ஏற்பேன் என்கிறார். (ஓசூர்)

அவரை விட்டுவிடுங்கள்.

கே: ஒட்டன்சத்திரத்தில் காய்கறி விவசாயம். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிலிருந்து 3 கிலோ குடைமிளகாய் விதை வாங்க வங்கி வழியாக முழு முன்பணம் கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?

உங்களுக்கு வேறு கணக்கு. சொந்த உபயோகத்துக்குச் சின்னதாக வாங்குகிறவருக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி-இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் எண்) வேண்டாம். ஆனால் அந்த விலக்கிலேயே வியாபாரம், உற்பத்தி, விவசாயம் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விற்பனைக்குப் பயிர் வைக்கிற நீங்கள் ஐஇசி எடுக்க வேண்டும். ஆன்லைனில் எடுக்கலாம், சில நூறு ரூபாய்தான். அடுத்து இறக்குமதி அனுமதி. அது கைக்கு வந்தபிறகுதான் முன்பணம். வரிசையைத் திருப்பிப் போட்டு, பணத்தை அனுப்பிவிட்டு அனுமதிக்கு அலைகிறவர்களை மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விற்பவர் முன்கூட்டித் தரும் விலைப்பட்டியலான புரோஃபார்மா இன்வாய்ஸை வங்கியில் கொடுத்து, இறக்குமதி முன்பணம் என்ற காரணக் குறியோடு அனுப்புங்கள். நம் வங்கிக் கட்டணம் ஆயிரம் ரூபாய் போல வரும், வழியில் உள்ள வங்கி ஒரு 20 டாலர் எடுத்துக்கொள்ளும். அதை யார் ஏற்பது என்று படிவத்தில் கட்டம் இருக்கிறது, காலியாக விடாதீர்கள். சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் பதியும் இறக்குமதிப் படிவம்) நகலை வங்கிக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பணம் அனுப்ப விடமாட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஒரு மெயிலால் என் மேசையில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் 11,000 டாலர் இழந்ததைப் பார்த்ததால் சொல்கிறேன். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புது எண் இது’ என்ற மெயில். கம்பெனி பெயர், முத்திரை, பழைய கடிதத்தொடர் எல்லாம் அச்சாக இருந்தன. அனுப்பியவர் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். கணக்கு மாறியது என்று வந்தால், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய விலைப்பட்டியலில் உள்ள எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள். ஐரோப்பாவுக்கு ஒரு போன் 200 ரூபாய் ஆகுமா? ஆகட்டும்.

கே: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஊர்க் கத்தரி, சுண்டைக்காய் விதைகளைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். விற்பவர் ஜிபே எண் மட்டும் தருகிறார்.

வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் உங்கள் அமெரிக்க செல்போன் எண் பதிந்திருந்தால் அதிலேயே யுபிஐ போடலாம், 2023-லிருந்து வழி இருக்கிறது, உங்கள் வங்கி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே விதிக்கு ஒரு சலுகையும் உண்டு: சிறு விதைத் தொகுப்பு அனுமதி எடுத்தால் உறைக்கு 50 விதை அல்லது 10 கிராம், பார்சலுக்கு 50 உறை என்ற அளவுக்குள் பைட்டோ இல்லாமலே வரும். தடுத்த இனங்களும் தனி விதி உள்ள இனங்களும் இருக்கின்றன, பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட சுண்டைக்காயே அமெரிக்காவின் தடுத்த களைப் பட்டியலில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அனுமதியோடு வரும் பச்சை-மஞ்சள் சீட்டை விற்பவருக்கு அனுப்பி ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வோர் உறையிலும் தாவரவியல் பெயர் வேண்டும், ‘கத்தரி’ என்று தமிழில் எழுதினால் அங்குள்ள அதிகாரிக்குப் புரியாது.

கே: கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பிவிட்டதாகச் சொல்கிறார். என் கணக்கில் 110 ரூபாய் குறைகிறது. ஏமாற்றிவிட்டாரா? (வேலூர்)

இல்லை. டாலரில் முழுதாகத்தான் அனுப்பியிருப்பார். போன அன்றைக்கு ஒரு விகிதம், வந்த அன்றைக்கு ஒரு விகிதம். வங்கி எடுத்த மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம். சுவிட்சை அணைத்தீர்களா?