நான்கு பேருக்கும் ஒரே கிருமியா? சீக்வென்சிங்குக்கு அனுப்பும் முன்

கேள்வி: எங்கள் ஐசியுவில் இரண்டு வாரத்தில் நான்கு நோயாளிகளின் ரத்தத்தில் மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்தது. நான்கின் மருந்து எதிர்ப்புப் பட்டியலும் ஒன்றே. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதா என்று ஜீனோம் சீக்வென்சிங் (கிருமியின் முழு டிஎன்ஏ எழுத்துவரிசையைப் படிப்பது) சொல்லுமா? எப்படி அனுப்புவது?

பதில்: சொல்லும். ஆனால் சிகிச்சையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்; மருந்தைத் தீர்மானிப்பது எம்ஐசிதான் (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு). எதிர்ப்பு எல்லாவற்றையும் ஜீனோம் ரிப்போர்ட் காட்டிவிடாது. உதாரணத்துக்கு, எம்ஜிஆர்பி என்ற சின்ன மரபணு உடைந்தாலே கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. கூடுதல் மரபணுக்களை மட்டும் தேடும் மென்பொருள் இதைத் தவறவிடும்.

எதிர்ப்புப் பட்டியல் ஒத்துப்போவதை வைத்துப் பரவல் என்று முடிவுகட்ட முடியாது. எஸ்டி147, எஸ்டி231 என்று எண்ணிட்டு அழைக்கும் இந்தக் கிருமியின் வெவ்வேறு வம்சங்கள் இந்திய மருத்துவமனைகளில் உலவுகின்றன. சென்சிட்டிவிட்டி தட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் இந்த நான்கோடு, சில மாதங்களுக்கு முன் வேறு வார்டில் கிடைத்த இரண்டு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட வேறு மாதிரி இல்லாவிட்டால் 'நெருக்கம்' என்ற சொல்லுக்கே பொருளில்லை.

முதலில் கிருமியின் ஒரு பிரதியை 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்து வையுங்கள். பிறகு ஒற்றைக் காலனியைப் புதுத் தட்டில் இழுத்து, மெரோபெனெம் வில்லையை ஒட்டி வளர்ந்ததை எடுங்கள். மருந்தில்லாத தட்டில் திரும்பத் திரும்ப வளர்த்தால் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (தனியாக இருக்கும் குட்டி டிஎன்ஏ வளையம்) கழன்றுவிடலாம்.

தகராறு பெரும்பாலும் டிஎன்ஏ பிரிப்பில்தான். லூப்பால் தொட்டால் நூலாக இழுபடும் காலனியில் உறைச் சர்க்கரை அதிகம். அது டிஎன்ஏவைப் பிரிக்கும் வடிகட்டிக் குழாயை (column) அடைக்கும். நிறைய எடுத்தால் நிறைய டிஎன்ஏ என்ற கணக்கு இங்கே தலைகீழ்: 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு போதும், ஒரு கழுவல் கூடுதலாகச் செய்யுங்கள். டிஎன்ஏ அளவை க்யூபிட் கருவியில் பாருங்கள். நானோட்ராப் என்ற இன்னொரு கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக் காட்டும்.

இந்தக் கிருமியின் ஜீனோம் சுமார் 55 லட்சம் டிஎன்ஏ எழுத்து. 50 மடங்கு ஆழத்துக்கு (ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 50 முறை படிக்க) 27.5 கோடி எழுத்து தரவு கேளுங்கள். ஒட்டிச் சேர்த்த ஜீனோம் 65 லட்சத்தைத் தாண்டினால் கலப்படமா என்று சந்தேகியுங்கள். டிஎன்ஏவை நீளத் துண்டுகளாகப் படிக்கும் நீள்வாசிப்பு மட்டும் செய்தால் இன்னொரு பொறி: மெரோபெனெம் போன்ற மருந்துகளை எதிர்க்கும் ஆக்ஸா-232 மரபணு இருப்பது வெறும் 6,100 எழுத்துள்ள குட்டி பிளாஸ்மிட்டில். நீளமான துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் படியில் அது வெளியே போய்விடும். சின்னத் துண்டுகளாகப் படிக்கும் குறுவாசிப்பும் வேண்டும்.

ஐரோப்பிய மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஒரே மருத்துவமனைப் பரவலைப் பிரித்துக்காட்டிய எல்லை, இரண்டு கிருமிகளின் ஜீனோமுக்கு இடையே 21 எழுத்து மாற்றம். அதை வழிகாட்டியாக மட்டும் வையுங்கள். மாற்றம் பூஜ்யமாக இருந்தாலும் யாரிடமிருந்து யாருக்கு என்பது அதில் தெரியாது. கட்டில், வென்டிலேட்டர், தேதி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனம்) மருத்துவமனையில் இதே வகைக் கிருமி 18 பேருக்குப் பரவியபோது, முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாமவரிடம் கிருமி தெரிந்தது. நடுவில் குடலில் சத்தமில்லாமல் சுமந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட் வரட்டும் என்று இருக்காமல், இப்போது ஐசியுவில் உள்ள எல்லோருக்கும் இன்றே மலக்குடல் ஸ்வாப் எடுத்துவிடுங்கள்.