கடையும் வீடும் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில்: டீசல் எஸ்.யு.வி. கட்டுப்படியாகுமா?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் கோட்டையூரில் இருக்கிறோம். காரைக்குடியில் பலகாரக் கடை நடத்துகிறேன். ஒன்பது வருடமாக வைத்திருக்கும் சின்ன காரைக் கொடுத்துவிட்டு எஸ்.யு.வி. வாங்க இருக்கிறோம். பழைய கார் 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என் கணவருக்குக் கார் ஓட்டுவதில் மிகுந்த ஆசை. டர்போ பெட்ரோல்தான் வேண்டும் என்கிறார். அப்பச்சியோ, காசின் அருமை தெரிந்தவன் டீசல்தான் வாங்குவான் என்று உறுதியாக நிற்கிறார். மேல்நிலை வேரியண்டில் பெட்ரோலுக்கு ஷோரூம் விலை 19.40 லட்சம், டீசலுக்கு 20.60 லட்சம். இன்சூரன்ஸ் முறையே 80,000, 85,000 ரூபாய். பழைய கார் விற்ற பணத்தையும் சேர்த்துக் கையில் 8 லட்சம் இருக்கும். மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன். கடை, வீடு, பள்ளி என்று தினம் 15 கி.மீ. ஓடும். மாதம் ஒரு தடவை மதுரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சென்னை. சென்னையில் ஒரு கிளை திறக்கும் யோசனையும் உண்டு. மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். எதை வாங்குவது?
— கோட்டையூர் வாசகி

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது பழைய காரின் 92,000 கி.மீ. என்ற அந்த ஓர் எண்தான். புதிய கார் வாங்கும்போது எல்லோரும் இனி நிறைய ஓட்டுவோம் என்றே நினைக்கிறோம். குலதெய்வம் கோயில், கொடைக்கானல், சென்னை என்று மனம் ஓடும். ஆனால் உங்கள் குடும்பம் ஒன்பது ஆண்டில் ஓட்டியது, ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். நீங்கள் எழுதியிருக்கும் பயணங்களைக் கூட்டினாலும் அதே கணக்குத்தான் வருகிறது. ஊருக்குள் 4,500, மதுரைக்குப் போய்வர 2,200, சென்னைக்கு 3,400. எனவே 10,000 கி.மீ. என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வாங்கும் விலை. ஷோரூமில் 1.20 லட்சம்தான் வித்தியாசம் என்று தோன்றும். அங்கேதான் தமிழ்நாட்டின் சாலை வரி குறுக்கே வருகிறது. 2023 நவம்பர் முதல், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். உங்கள் பெட்ரோல் வண்டிக்கு வரி 3.49 லட்சம், டீசலுக்கு 4.12 லட்சம். இன்சூரன்ஸ், வருமான வரிக்காக ஷோரூமில் பிடிக்கும் ஒரு சதவீதம் எல்லாம் சேர்த்தால் பெட்ரோல் சுமார் 23.89 லட்சம், டீசல் 25.78 லட்சம். ஆக, உண்மையான வித்தியாசம் 1.89 லட்சம். அது முழுவதும் கடனாகத்தான் ஏறப்போகிறது. 9 சதவீதத்தில் ஐந்தாண்டு கட்டி முடிக்கும்போது 2.35 லட்சம் ஆகியிருக்கும். (ஒரு சதவீதமாகப் பிடிக்கும் பணம் உங்களுடையதுதான், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.)

இனி எரிபொருள். கணக்குக்காகப் பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று கொள்வோம். இந்த அளவு வண்டியில் டர்போ பெட்ரோல் ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 12 கி.மீ., டீசல் 16 கி.மீ. தருவதாக வைக்கிறேன். விளம்பரத்தில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அது சோதனைக் கூடத்து எண். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதையும் மனத்தில் வைத்தே 12 என்றேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 8.50 ரூபாய், டீசல் 5.90 ரூபாய். ஆண்டுக்கு டீசலில் மிச்சம் 26,000 ரூபாய். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல், எண்ணெய், வடிகட்டி என்று டீசலுக்குக் கூடுதலாகும் பராமரிப்புக்கு 4,000 கழித்தால் 22,000.

2.35 லட்சத்தை 22,000 வீதம் எடுக்கப் பத்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். விற்கும்போது டீசலுக்கு 60,000 ரூபாய் கூடக் கிடைக்கும் என்று வைத்தாலும் எட்டு ஆண்டு. உங்கள் கணவர் ஆசைப்பட்டு அழுத்தி ஓட்டினால் டர்போ பெட்ரோல் லிட்டருக்குப் பத்துக்கு இறங்கிவிடும். அந்த நிலையிலும் ஆறு ஆண்டு. மூன்று விதமாகப் பார்த்தாலும், கடன் முடிந்த பிறகுதான் டீசல் உங்களுக்கு ஒரு ரூபாய் தரத் தொடங்குகிறது.

அப்பச்சி சொல்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவர் காலத்துக்கு அது முழுச் சரி. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது; டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் நீக்கியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல்கூட வித்தியாசம் இருந்தது. அப்போது டீசல் வாங்கியவர்கள் கணக்குத் தெரிந்தவர்களே. இன்று வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய். மிச்சம் இப்போது மைலேஜில்தான் இருக்கிறது, விலையில் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 விதி வந்தபிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறியபின் பதினைந்து, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக் கடைக்குப் போகும் ஐந்து கிலோமீட்டரில் என்ஜின் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். எரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றால் கரி சேரும்; எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி என்ஜின் எண்ணெயிலும் கலக்கும். மாதம் ஒரு மதுரைப் பயணம் ஓரளவு காப்பாற்றும். மற்ற நாட்கள் முழுவதும் அது மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருக்கும்.

காரைக்குடியில் என் உறவினர் ஒருவர் இப்படித்தான் டீசல் வாங்கினார். வீட்டிலிருந்து கல்லூரிச் சாலை, அங்கிருந்து வீடு. ஓர் ஆண்டுக்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸ் நிலையத்தில் சுத்தம் செய்து கொடுத்து, வாரம் ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். விற்கும்போது இதைச் சொல்லாதவர்கள் விற்ற பிறகு சொன்னார்கள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. இப்போது ஞாயிறுதோறும் வேலை எதுவும் இல்லாமலே திருமயம்வரை போய்த் திரும்புகிறார். வாரம் 45 கிலோமீட்டருக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 14,000 ரூபாய் டீசல். மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டி!

இதனால்தான், கணக்கு டீசல் பக்கம் சாய்ந்தாலும் உங்களுக்கு நான் பெட்ரோலே சொல்வேன். சாயவும் கூடும். டீசலில் ஒரு படி கீழே உள்ள வேரியண்ட் 19.90 லட்சத்துக்குக் கிடைத்தால் வரி 18 சதவீதத்துக்கு வந்துவிடும்; மொத்த வித்தியாசம் 65,000 ரூபாய்க்குள் அடங்கி, நான்கு ஆண்டில் வசூலாகிவிடும். கணக்குப்படி அது நியாயமான பேரம். ஆனாலும் தினம் ஐந்தைந்து கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு அந்த என்ஜின் பொருந்தாது.

உங்கள் கணவரின் ஆசையை நான் ஒதுக்கிவிடவில்லை. 20 லட்சம் கொடுத்து வாங்கும் பொருளில் ஓட்டும் இன்பமும் ஒரு வரவுதான். ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே வண்டியில் 1.5 லிட்டர் டீசல் 116 குதிரைத்திறன், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் 160. இழுவிசை இரண்டிலும் ஏறக்குறைய 250 நியூட்டன் மீட்டர்தான். கிளம்பும்போது, ஐந்து பேரும் பலகார டின்களும் ஏறியிருக்கும்போது, இரண்டும் ஒன்றுபோல இழுக்கும். முன்னால் போகும் லாரியைத் தாண்ட அழுத்தும் இடத்தில்தான் வேறுபாடு தெரியும். டீசல் சீக்கிரமே களைத்து அடுத்த கியரைக் கேட்கும். பெட்ரோல் இன்னும் மேலே ஏறிக்கொண்டே போகும். விறுவிறுப்பான எஸ்.யு.வி. என்று அவர் கேட்பது இதைத்தான். உங்கள் விஷயத்தில் ஆசையும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கின்றன. எப்போதும் அப்படி அமைவதில்லை.

டீசல் கார் பத்தாண்டில் ஓடக்கூடாது என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. தமிழ்நாட்டில் 15 ஆண்டு பதிவு, பிறகு தகுதிச் சோதனையுடன் புதுப்பிப்பு. அந்தப் பயத்தால் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. கடையின் பேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தகைய காருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தேய்மானமும் கடன் வட்டியும் கடை உபயோகத்தின் அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

எந்த என்ஜின் என்பதைவிட எவ்வளவு கடன் என்பதுதான் உங்கள் குடும்பத்தை அதிகம் தொடும். 23.89 லட்சத்தில் 8 லட்சம் போக, 15.89 லட்சத்துக்கு மாதத் தவணை 33,000 ரூபாய். மகள் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போவாள். அந்த ஆண்டுகளில் இந்தத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். அதே டர்போ என்ஜின், கண்ணாடிக் கூரையும் மற்ற அலங்காரங்களும் இல்லாமல் 16 லட்சத்துக்கு உட்பட்ட வேரியண்டில் வருகிறதா என்று கேளுங்கள். 15.90 லட்சத்தில் கிடைத்தால் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 19.60 லட்சம், தவணை 24,000. மாதம் 9,000 மிச்சம். அதைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால் அவள் கல்லூரி சேரும் மாதத்தில், வட்டி நீங்கலாகவே, 2.16 லட்சம் இருக்கும். காரைக்குடி வெயிலில் கண்ணாடிக் கூரையைத் திறந்து வைப்பது எத்தனை நாள் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஏர்பேக், பிரேக் தொடர்பானவற்றில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பச்சியிடம் இதைச் சொல்லும்போது வாதமாகச் சொல்லாதீர்கள். ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பு காட்டும் கணக்கு) எடுத்துப் பழகிய குடும்பம். ஒரு தாளில் இரண்டு வண்டிக்கும் வரவு, செலவு, கடன், வட்டி எழுதி அவர் கையில் கொடுங்கள். கூட்டிப் பார்ப்பதை அவரே செய்யட்டும்.

சென்னைக் கிளை பற்றி ஒன்று. அது உறுதியானால் மாதம் இரண்டு மூன்று தடவை நீங்களே சரக்கோடு போய்வர நேரும். ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஆகிவிடும். அப்போது பராமரிப்புப் போக டீசலின் மிச்சம் 60,000 ரூபாய், இப்போதைய 2.35 லட்சமும் நான்கு ஆண்டில் வந்துவிடும், நெடுஞ்சாலை ஓட்டத்தில் வடிகட்டிக் கவலையும் தீரும். கடைக்கு இடம் பார்த்து முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தால், காருக்கு முன்பதிவு செய்யாமல் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். வெறும் யோசனையாகவே இருக்கிறதென்றால் பெட்ரோலை எடுங்கள்.