ரீயூனியன் கோயில் வேலைக்கு ஷெங்கன் விசா செல்லுமா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 38, கோபுரச் சுதை வேலை செய்பவர். மொரிஷியஸ் பக்கத்திலுள்ள ரீயூனியன் தீவில் ஒரு முருகன் கோயில் திருப்பணிக்கு அங்குள்ள கோயில் சங்கத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து மாத வேலை. நடுவில் உள்ள ஏஜென்ட், "அதுவும் பிரான்ஸ்தானே, ஷெங்கன் டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி நாலரை லட்சம் கேட்கிறாராம். மாதம் 600 யூரோ, சாப்பாடும் தங்க இடமும் இலவசம் என்று ஒரு கடிதமும் கையில் கொடுத்திருக்கிறார். நம்பலாமா, மனைவியையும் மகளையும் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்.

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கூப்பிட்ட கோயில் உண்மையாகவே இருக்கலாம், ஏஜென்ட் சொல்லும் வழிதான் தப்பு.

ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ. ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் தீவு இல்லை. பாரிஸுக்குச் செல்லும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. ரீயூனியன் என்று குறிப்பிட்டே விசா வாங்க வேண்டும். 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் 'டி' வகை நீண்டகால விசா. உங்கள் வேலை ஐந்து மாதம் என்பதால் இதுதான் உங்களுக்கு. டூரிஸ்டாகப் போய் இறங்கிவிட்டு அங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிப் போக வேண்டாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உங்கள் வீட்டில் அல்ல, அந்தத் தீவில். கோயில் சங்கம்தான் உங்கள் பெயரில் பிரெஞ்சு அரசிடம் வேலை அனுமதிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக அதற்கு முன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் மூன்று வாரம் விளம்பரம் போட்டு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்தத் தீவின் வேலையின்மை பிரான்ஸ் பெருநிலத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஒரு சமையல்காரரோ டிரைவரோ என்றால் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார். உங்களுக்கு இதுவே பலம், யாளிக்குச் சுதையில் பல் வைக்கிற ஆள் அங்கே எத்தனை பேர் கிடைப்பார்கள்! அதைக் காகிதத்தில் காட்டுங்கள். நீங்கள் வேலை செய்த கோயில்களின் கடிதம், அறநிலையத் துறைப் பணி ஆணையின் நகல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கைவினைஞர் அட்டை இருந்தால் அதுவும்.

இன்னொன்று. நாதஸ்வரமோ தவிலோ வாசிக்க மூன்று மாதத்துக்குள் போய்வரும் கலைஞர்களுக்கு வேலை அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. அதைக் காட்டி 'நீங்களும் கலைஞர்தானே' என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். அது கலை நிகழ்ச்சிக்கு, கட்டட வேலைக்கு அல்ல.

இப்போது அந்த 600 யூரோ கடிதம். பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் அந்தத் தீவுக்கும் அதேதான். 2025-ல் மணிக்கு 11.88 யூரோ. வாரம் 35 மணி நேரம் என்று கணக்கிட்டால் பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 1,800 யூரோ வரும். சாப்பாட்டுக்கும் அறைக்கும் கொஞ்சம் கழிக்கலாம், அதற்காக 1,800 யூரோ 600 ஆகிவிடாது. இந்தக் கடிதத்தோடு போனால் அனுமதி கிடைக்காது. ஒருவேளை சங்கத்தார் சரியான சம்பளம் எழுதி அனுப்பி, நடுவில் யாரோ மாற்றியும் இருக்கலாம். அவர்களிடமே நேரே போனில் கேளுங்கள். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசுக்குக் கட்டும் வரியும் அவர்கள் பொறுப்பு, உங்கள் தலையில் கட்டக் கூடாது.

நம் பக்கம், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு உண்டா என்று அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் சபுர் (வெளிநாட்டு வேலைக்கு) போய்வந்தவர்கள் 'ஈசிஆர் முத்திரை பார்' என்பார்கள். வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த முத்திரை வளைகுடா மாதிரியான 18 நாடுகளுக்குத்தான். பிரான்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

வேலை அனுமதி வந்ததும் 'பிரான்ஸ் விசாஸ்' தளத்தில் படிவம் நிரப்பி, விசா விண்ணப்பம் வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். நீண்டகால விசாவுக்கு 99 யூரோ, சேவைக் கட்டணம் தனி. நம்மூர்க்காரர்கள் சிக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், ஒப்பந்தத்தில் இனிஷியல், படிவத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

குடும்பம் இந்த முறை வேண்டாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கவே 18 மாதம் முறையாகத் தங்கியிருக்க வேண்டும், வீடும் வருமானமும் காட்ட வேண்டும். ஐந்து மாத ஒப்பந்தத்தில் அது நடக்காது.

மண்டபம், பாம்பன் பக்கம் 'படகில் போய்விடலாம்' என்ற பேச்சும் காதில் விழலாம். கடலில் 4,000 கிலோமீட்டருக்கு மேல். 2018, 2019-ல் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் போய்ச் சேர்ந்தவர்களில் பலரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிக்கெட்டை மொரிஷியஸ் வழியாகப் போடுங்கள், இந்தியர்கள் அங்கே முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. பாரிஸ் வழி சுற்று மட்டுமல்ல, இறங்குவது ஒரு விமான நிலையம், தீவுக்கு ஏறுவது இன்னொன்று என்று அமைந்தால் நடுவில் ஷெங்கன் விசா தேவைப்படும். பூச்சுக் கரண்டி, உளி எல்லாம் செக்-இன் பெட்டியில். சுண்ணாம்புக்குக் கடுக்காய் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முதலில் சங்கத்தாரிடம் கேளுங்கள். செடி, விதை, காய் விஷயத்தில் அந்தத் தீவின் சுங்கத்தில் கெடுபிடி அதிகம்.