எண்ணெய், கொழுப்பு வேதியியல் படித்தால் எங்கே வேலை?

வணக்கம் ஐயா. மகளுக்கு எண்ணெய், கொழுப்பு, மெழுகு வேதியியலில் முதுகலை இடம் கிடைத்திருக்கிறது; "சோப்பு கம்பெனியை விட்டால் வேறு எங்கே போவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி அந்தப் படிப்பின் பெயரால் வந்தது. மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

எண்ணெயும் கொழுப்பும் ஒரே வகைப் பொருள்தான்: ஒரு கிளிசராலோடு (கிளிசரின் என்று நாம் சொல்வதே அது) மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தவை. அறை வெப்பநிலையில் உருகிக் கிடந்தால் எண்ணெய், உறைந்து நின்றால் கொழுப்பு. மெழுகில் அந்தக் கிளிசராலுக்குப் பதில் நீண்ட சங்கிலி ஆல்கஹால் இருக்கும். பாரஃபின் மெழுகு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது பெட்ரோலியத்திலிருந்து வரும் வெறும் ஹைட்ரோகார்பன்.

வேலைவாய்ப்பு எங்கிருந்து முளைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்டியரிக், ஒலியிக் என்ற இரு கொழுப்பு அமிலங்களிலும் 18 கார்பன்தான். முன்னது உருக ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸ் வேண்டும், பின்னதற்கு 13 டிகிரியே போதும். பின்னதன் நடுவில் இருக்கும் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைத்துவிடுகிறது. வளைந்தவை நெருக்கமாக அடுக்கி நிற்காது. அந்த வளைவு நிமிர்ந்த டிரான்ஸ் வடிவமோ 45 டிகிரி வரை தாங்கும். எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றும் முறைக்கு ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பும் கூடவே உருவாகும். அது இதயத்துக்குக் கேடு என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உறுதியானது. தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அழைப்பு விடுத்தது. டிரான்ஸ் இல்லாமல் அதே கெட்டித்தன்மையைக் கொண்டுவருவது எப்படி? பிஸ்கட், மார்ஜரின் தயாரிப்பவர்களுக்கு அது கொழுப்பு வேதியியல் தெரிந்தவரிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

சாக்லேட், லிப்ஸ்டிக், களிம்பு, பெயின்ட், உயவு எண்ணெய், பயோடீசல் என்று மற்ற இடங்களை நீங்களே அடுக்கிக்கொள்ளலாம்.

இனி நியாயமான பயம். முதல் வேலை பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில்தான் அமையும். எண்ணெய் காற்றுபட்டுக் கெடத் தொடங்கிவிட்டதா என்று காட்டும் பெராக்சைடு மதிப்பைப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை அசிட்டிக் அமிலம், குளோரோஃபார்ம் கலவையில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு விட்டுக் குலுக்கி, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை என்றால் யாருக்கும் அலுக்கும். சம்பளமும் ஆரம்பத்தில் மற்ற வேதியியல் பட்டதாரிகளுக்குக் கிடைப்பதை ஒட்டியே இருக்கும்.

ஆனால் அதே மேசையில்தான் ஆள் தரம் பிரிகிறது. பெராக்சைடு மதிப்பு குறைவாக வந்தால் எண்ணெய் நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். கெட்டுப்போய் வெகுநாளான எண்ணெயில் பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாகிவிடும், எண் தானாகவே இறங்கும் என்று தெரிந்து, அந்த ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் மதிப்பையும் கேட்பவர் இன்னொருவர். இரண்டாமவரைத்தான் புதுப்பொருள் உருவாக்கும் பிரிவுக்குக் கூப்பிடுவார்கள். என் பார்வையில், உங்கள் மகள் இரண்டாவது ரகம் என்றால் தயங்காமல் சேர்க்கலாம். கரிம வேதியியலையே கசப்பாக நினைப்பவள் என்றால், இடம் கிடைத்துவிட்டதே என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை துறைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். எண்ணெயில் எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். மாணவர்கள் கையால் இயக்குகிறார்களா, கடைசியாக எந்த மாதிரியை ஓட்டினார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே அவளைக் கேட்கச் சொல்லுங்கள். சிறிய அளவிலாவது எண்ணெய் சுத்திகரிக்கும் அமைப்பு உண்டா, இறுதிப் பருவ புராஜெக்டைத் தொழிற்சாலையில் செய்ய விடுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், பொது வேதியியல் முதுகலையில் சேர்ந்து பகுப்பாய்வு வேதியியலை விருப்பப் பாடமாக எடுப்பது மேல். அங்கிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம்.