அரச நியமனம் கைநழுவினால்: வாசகர் கேள்விகள், சட்டத்தரணி பதில்கள்

எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. நேர்முகத் தேர்வில் குறைத்துவிட்டார்கள். நீதிமன்றம் புள்ளியைக் கூட்டித் தருமா? (கிளிநொச்சி)

தராது. உங்கள் பதிலுக்கு ஐந்தா பத்தா என்று நீதியரசர்கள் பார்க்கமாட்டார்கள், முறையைத்தான் பார்ப்பார்கள். வர்த்தமானியில் வந்த புள்ளித்திட்டப்படியே புள்ளி போட்டார்களா, இடையில் அதை மாற்றினார்களா, தகைமை இல்லாதவர் யாரும் தெரிவானாரா என்பவைதான் கேள்விகள். ஒன்று பிழைத்திருந்தாலும் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற, அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். நேர்முகத் தேர்வுப் புள்ளித்தாளில் மேலதிகத் தகைமை, அனுபவம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூலச் சான்றிதழைக் காட்டியும் அந்தக் கட்டத்தில் பூச்சியம் விழுந்திருந்தால் வாதாட இடமுண்டு. "ஆளைப் பிடிக்கவில்லை போல" என்ற சந்தேகம் மட்டும் போதாது.

அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு அனுப்பி நான்கு மாதமாகிறது. பதில் வந்தபிறகு வழக்குப் போடலாமா? (நெடுங்கேணி)

தம்பி, வன்னியில் நல்ல வழக்குகள் சாகிற இடம் இதுதான். உயர் நீதிமன்றத்துக்குப் போக 126(2) ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். வேறு இடத்தில் முறையிட்டுக் காத்திருப்பதால் மட்டும் அந்த மாதம் நீளாது என்று 1988 இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேன்முறையீடு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே கிழமையில் சட்டத்தரணியையும் பாருங்கள்.

ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. வவுனியாவில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் வேண்டும். முடிவு தபாலில் வந்திருந்தால் உறையை எறியாதீர்கள். எப்போது கைக்கு வந்தது என்பதற்கு அதிலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி.

மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரீட் மனு, அதாவது அதிகாரிகளின் முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை மனு, போடலாமே என்பார்கள். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவென்றால் 61அ உறுப்புரை அந்தக் கதவை அடைத்துவிட்டது. அது விட்டுவைத்தவை அடிப்படை உரிமை மனுவும், அந்த ஆணைக்குழுவின் முடிவுகள் மீதான மேன்முறையீட்டைக் கேட்கும் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையும்தான்.

தமிழ் வினாத்தாளில் ஒரு கேள்வியின் பொருளே சிங்களத் தாளிலிருந்து மாறியிருந்தது. இதற்கெல்லாம் வழக்குப் போக முடியுமா? (புதுக்குடியிருப்பு)

முடியும், போகவும் வேண்டும். அரச சேவைப் பரீட்சையைத் தமிழில் எழுதுவது 22(5) ஆம் உறுப்புரை தரும் உரிமை, யாரும் தந்த சலுகை அல்ல. மொழி உரிமை மீறலுக்கும் 126 ஆம் உறுப்புரையின் கீழ் மனுப் போடலாம். பிழையான மொழிபெயர்ப்பால் தமிழில் எழுதியவர்கள் மட்டும் புள்ளி இழந்தார்கள் என்று காட்ட முடிந்தால், மொழியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற 12(2) உம் சேரும். இரண்டு மொழித் தாள்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பரீட்சை முடிந்த அன்றே பரீட்சைத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருந்தால் இன்னும் பலம். முடிவு வந்தபிறகு மட்டும் பேசினால், "சித்தியடைந்திருந்தால் பேசியிருப்பாரா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

மாகாண சபையின் கீழுள்ள பதவி. இதற்கும் கொழும்புக்குத்தான் போகவேண்டுமா? (மாங்குளம்)

எப்போதும் இல்லை. மாகாணப் பட்டியலுக்குள், அதாவது மாகாணங்களுக்குக் கொடுத்த அதிகாரங்களுக்குள், வரும் விடயமென்றால், அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் எழுத்தாணை அதிகாரம் கொடுத்திருக்கிறது. நியமனம் செய்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை முதலில் பாருங்கள்.

தெரிவானவர்களின் புள்ளிகளைக் கேட்டுப் பெறலாமா? (மடு)

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். இரகசியமாக வைக்கவேண்டிய பரீட்சைத் தகவலுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருப்பதால், விடைத்தாளைக் கேட்காமல் புள்ளித்திட்டம், உங்கள் புள்ளி, தெரிவானவர்களின் பட்டியல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அப்புறம், அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நியமனத்தை இரத்துச் செய்யக் கேட்பதானால் அவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கவேண்டும். சேர்க்காத மனு அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்.