சூரியனிலிருந்து எவ்வளவு தூரம்? வடசென்னை வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதன் கிரகத்தின் தூரம் ஒரு புத்தகத்தில் 5.8 கோடி கி.மீ., இன்னொன்றில் 4.6 கோடி, கைடில் 58 கோடி. பரீட்சையில் எதை எழுதுவது?
– 10-ஆம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 5.8 கோடி. அதுதான் சராசரி. புதனின் பாதை நன்றாகவே நீள்வட்டம். சூரியனை நெருங்கும்போது 4.6 கோடி, விலகும்போது 7 கோடி. 58 கோடி என்பது 58 மில்லியனை அப்படியே கோடியாக்கியதால் வந்த வினை. 10 மில்லியன் சேர்ந்தால்தான் 1 கோடி.

கோடிகளை உருப்போடாதீர்கள். பூமி–சூரியன் தூரத்தை 1 என்று வைத்தால் புதன் 0.39, வெள்ளி 0.72, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி 9.5, யுரேனஸ் 19.2, நெப்டியூன் 30. இந்த 1-க்கு வானியல் அலகு என்று பெயர். 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை 14,95,97,870.7 கி.மீ. என்று வரையறுத்தது. கி.மீ. கேட்டால் 15 கோடியால் பெருக்குங்கள், போதும்.

கேள்வி: சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சிக்கும் கிரகங்களின் தூரத்துக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பலன்களை விடுங்கள். பெயர்ச்சிக்கு ஆகும் காலத்தில் தூரம் ஒளிந்திருக்கிறது. சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருடம். 12 ராசிக்கு 30 வருடம். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றும் காலத்தின் வர்க்கமும் தூரத்தின் கனமும் சமம் (காலம் வருடத்தில், தூரம் வானியல் அலகில்). 30 × 30 = 900. எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 900? 9.6-க்கு 885 வருகிறது, 9.7-க்கு 913. ஆக விடை 9.65. சரியான காலம் 29.5 வருடம், அதை வைத்துப் போட்டால் 9.55, அதாவது 143 கோடி கி.மீ. குருவுக்கு 12 வருடம் என்றால் 5.24, 11.86 என்று திருத்தினால் 5.2.

இரண்டு இடங்களில் சறுக்கும். ஒரே ஒரு பெயர்ச்சியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்: வக்ரத்தில் கிரகம் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும், முந்தைய ராசிக்கே திரும்புவதும் உண்டு. பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டி, அதே ராசிக்குத் திரும்ப வந்த காலத்தை எடுங்கள். அடுத்து, புதனுக்கும் சுக்கிரனுக்கும் இந்த வழி எடுபடாது. நம் பார்வையில் அவை சூரியனை ஒட்டியே போவதால் ராசிச் சக்கரத்தை வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவிடும். கணக்கில் 1 என்றுதான் வரும். சுக்கிரனுக்குக் கோணம்தான் வழி. சூரியனிலிருந்து அது அதிகபட்சம் விலகுவது சுமார் 47 டிகிரி. அதன் சைன் 0.73, உண்மையான தூரம் 0.72. ராகு-கேதுவுக்குப் போட்டாலும் ஏதோ ஒரு எண் வரும். அர்த்தம் கிடையாது, அவை சந்திரனின் பாதை சூரியப் பாதையை வெட்டும் புள்ளிகள், கிரகங்களே அல்ல.

கேள்வி: ஜனவரியில்தான் பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கிறதாம். பிறகு கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில்?
– இல்லத்தரசி, ராயபுரம்

பதில்: ஜனவரி தொடக்கத்தில் 14.71 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. 50 லட்சம் கி.மீ. வித்தியாசம் பெரிதாகத் தோன்றினாலும், வெயிலின் அளவில் அது 7 சதவீதம்தான். நமக்கு முக்கியம் பூமியின் 23.5 டிகிரி சாய்வு. ஏப்ரல் 24, 25 வாக்கில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன். அதன்பின் தரையில் சூடு சேர்ந்துகொண்டே போகும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்போது மேகமும் சாயங்கால மழையும் காப்பாற்றிவிடும். மற்றபடி, ராயபுரத்தில் ஒரு நாள் 40 டிகிரியைத் தாண்டுமா என்பது கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: கண்காட்சிக்குத் தூர மாதிரி செய்ய வேண்டும். வகுப்புச் சுவர் 20 அடிக்குக் கொஞ்சம் கூடுதல்.
– ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: 1 அலகுக்கு 20 செ.மீ. வைத்தால் அடங்கும். புதன் 8 செ.மீ., வெள்ளி 14.5, பூமி 20, செவ்வாய் 30.5, வியாழன் 1.04 மீட்டர், சனி 1.91, யுரேனஸ் 3.84, நெப்டியூன் 6.01. காசிமேட்டில் வலைக்கு வாங்கும் நைலான் கயிறு இழுத்தால் நீளும். சணல் கயிறு நல்லது. முடிச்சுப் போடாதீர்கள், ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைத் தின்னும். துணி கிளிப் மாட்டுங்கள். எல்லாத் தூரத்தையும் சூரிய முனையிலிருந்தே அளக்க வேண்டும். கிரகத்துக்குக் கிரகம் அளந்தால் பிழை ஏறிக்கொண்டே போகும்.

கிரகங்களின் பருமனை இதே அளவில் காட்ட முடியாது. இந்தக் கயிற்றில் சூரியனே 2 மி.மீ.கூட வராது; பூமி ஒரு மி.மீட்டரில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. பந்துகளைத் தொங்கவிட்டால் ‘பருமன் அளவுப்படி இல்லை’ என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பெரும்பாலான கண்காட்சிகளில் இல்லாதது அந்த ஒரு வரிதான்.

கேள்வி: இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலம் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: இல்லை. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் இருக்கும் திசையில் நிற்கிறது. மொத்தத் தூரத்தில் 100-ல் 1 பங்கு.

கேள்வி: விடியற்காலை கடலுக்குப் போகும்போது கிழக்கே விடிவெள்ளி தெரிகிறது. புதனும் தெரியுமா?
– மீனவர், காசிமேடு

பதில்: தெரியும். ஆனால் சூரியனுக்கு மிகக் கிட்டே சுற்றுவதால் அது 28 டிகிரிக்கு மேல் விலகாது. சில சமயம் 18-தான். அப்படி விலகி நிற்கும் இரண்டு வாரம்தான் வாய்ப்பு, சுமார் நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும். சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது, கையை நீட்டி முஷ்டியைக் கடல் விளிம்பில் வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே தேடுங்கள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் இருந்தால் அது வெள்ளி. துறைமுக விளக்கைத் தாண்டிப் போய்விட்டால் உங்களுக்குக் கரையில் இருப்பவர்களைவிடச் சுலபம். பைனாகுலர் இருந்தால், சூரியன் உதிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே உறையில் போட்டுவிடுங்கள். அதன் வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும்.